நார்கண்டா போகிறீர்களா? முதலில் மாதத்தை முடிவு பண்ணுங்கள்

இமாச்சலத்து மலை ஊரான நார்கண்டாவில் ஆப்பிளும் பறிக்கணும், பனிச்சறுக்கும் விளையாடணும் என்று கிளம்பினால் ஏதாவது ஒன்றில் ஏமாற்றம்தான். காய் இருக்கும்போது பனி இருக்காது. பனி விழும்போது மரம் மொட்டையாக நிற்கும்.

சிம்லாவிலிருந்து நார்கண்டா அறுபது கிலோமீட்டர் சொச்சம், ராம்பூர் போகிற பஸ் எதில் ஏறினாலும் இறங்கிக்கொள்ளலாம். நம்ம ஊரிலிருந்து என்றால் சண்டிகர் வரை விமானம், அப்புறம் பக்கத்திலிருக்கும் கால்காவிலிருந்து சிம்லாவுக்கு மலை ரயில். 1903-இல் ஓடத் தொடங்கிய ரயில் அது, அவசரமில்லை என்றால் அதிலேயே போங்கள்.

பழத்துக்கு என் தேர்வு செப்டம்பர். ஆகஸ்டிலும் அறுவடை நடக்கும், ஆனால் மழையில் மண்சரிந்து ரோடு அடைபட்டால் பாதி விடுமுறை வண்டிக்குள்ளேயே போய்விடும். நார்கண்டாவில் தங்கிக்கொண்டு கீழே தானேதார், கோட்கர் பக்கம் போய்வாருங்கள். சாமுவேல் ஸ்டோக்ஸ் என்ற அமெரிக்கர் 1916-இல் தன் நாட்டிலிருந்து ஆப்பிள் கன்றுகளை வரவழைத்து நட்டது அங்கேதான், இமாச்சலத்தின் ஆப்பிள் பிழைப்பே அதிலிருந்து வளர்ந்தது. தோட்டக்காரரிடம் கேட்காமல் ஒரு காயைக்கூடத் தொடாதீர்கள். அவர் பறிக்கச் சொன்னால் கீழ்நோக்கி இழுக்க வேண்டாம். பழத்தை உள்ளங்கையில் ஏந்தி, மேலே தூக்கி லேசாகத் திருகினால் காம்போடு கழன்று வரும். வெடுக்கென்று இழுத்தால் பக்கத்திலேயே இருக்கிற குட்டைக்கிளை ஒடியும், அடுத்த வருடக் காய் வரவேண்டிய இடமே அதுதான்.

பனிச்சறுக்குக்கு ஜனவரி, பிப்ரவரி. சில வருடம் பனி தள்ளிப்போகும், அதனால் தங்குமிடத்துக்கு போன் போட்டு சரிவில் பனி நிற்கிறதா என்று கேட்டபிறகு டிக்கெட் எடுங்கள். பலகை, பூட்ஸ் எல்லாம் அங்கேயே வாடகைக்குக் கிடைக்கும். பூட்ஸ் கணுக்காலை இறுக்கிப் பிடிக்கணும், ஆனால் விரல்களை அசைக்க முடியணும், இல்லையென்றால் வேறு கேளுங்கள். முதல் நாள் நிற்கப் பழகினாலே போதும்: முழங்காலை மடக்கி, பலகைகளின் நுனிகள் நெருங்கி வால்கள் விரிந்து ஆப்பு மாதிரி இருக்கட்டும், வேகம் தானாகக் குறையும். விழத்தான் போகிறீர்கள், பக்கவாட்டில் விழுங்கள்.

காலையில் நிழல் விழும் ரோட்டில் பனி கண்ணாடியாக இறுகியிருக்கும், வெயில் ஏறாமல் வண்டியை எடுக்காதீர்கள். அந்த நேரத்தில் தோட்டத்தில் கிளைகளை வெட்டிக் கவாத்து செய்துகொண்டிருப்பவர்களிடம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள், நாம் விளையாடுகிற பனியை அவர்கள் வெள்ளை உரம் என்பார்கள். அந்தக் குளிர் போதுமான நாள் நீடித்தால்தான் வசந்தத்தில் ஆப்பிள் ஒழுங்காகப் பூக்கும்.