எலும்பும் தோலுமான குழந்தை: முதல் 48 மணி நேரம்

கடும் ஊட்டச்சத்துக் குறைவோடு சேரும் குழந்தைகளின் உயிர் பெரும்பாலும் முதல் இரண்டு நாட்களில்தான் ஊசலாடுகிறது. பட்டினியை விட அப்போது ஆளை வீழ்த்துபவை வேறு: ரத்தச் சர்க்கரை இறங்குவது, உடல் சில்லிடுவது, கிருமித் தொற்று, அளவு மீறி ஏற்றிய நீர்.

ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரை, அங்கன்வாடி நாடாவில் மேல்கைச் சுற்றளவு 11.5 செ.மீ.க்குக் கீழே இருந்தால் கடும் குறைவு. இரண்டு பாதங்களிலும் கட்டைவிரலால் சில விநாடி அழுத்தி எடுத்த பிறகு குழி நின்றாலும் அப்படித்தான். வீங்கிய பிள்ளை கொழுகொழுவென்று தெரிவதால் வீட்டார் ஏமாந்துபோவார்கள். இதோடு சாப்பிட மறுப்பது, காய்ச்சல், வாந்தி, சோர்வு எது சேர்ந்தாலும் அன்றைக்கே மருத்துவமனை.

காட்டுமன்னார்கோயிலிலிருந்து கடலூர் தலைமை மருத்துவமனைக்கோ புதுச்சேரி ஜிப்மருக்கோ வந்து சேர வெகுநேரமாகும். அதுவரை வெறும் வயிற்றில் வைக்காதீர்கள். தாய்ப்பால் கொடுங்கள், இல்லையேல் 50 மி.லி. காய்ச்சி ஆறிய நீரில் ஒரு டீஸ்பூன் சர்க்கரை கலந்து சிறிது சிறிதாக ஊட்டுங்கள். நினைவு தப்பிய பிள்ளையின் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, 108-ஐ அழையுங்கள்.

வார்டில் முதலில் தருவது நீர்த்த தொடக்கப் பால். 100 மி.லி.யில் 75 கலோரி, ஒரு கிராமுக்கும் குறைவான புரதம். இதயமும் சிறுநீரகமும் ஓய்ந்திருக்கும் உடல் அதற்கு மேல் தாங்காது. பாட்டி ஆசையாகக் கொண்டுவரும் முட்டையும் நெய்யும் இப்போது வேண்டாம். கிலோவுக்கு நாளொன்றுக்கு 130 மி.லி. கணக்கு, ஆறு கிலோ பிள்ளைக்கு இரண்டு மணிக்கொரு தரம் 65 மி.லி. வீக்கம் கடுமையாக இருந்தால் வேளைக்கு 50 மி.லி. போதும். கிண்ணமும் கரண்டியும்தான், பாட்டில் கூடாது. தட்டிப்போவது எப்போதும் இரவு இரண்டு மணி, நான்கு மணி வேளைகள்தான். சர்க்கரை இறங்குவதும் அந்நேரத்தில்தான். செல்போனில் அலாரம் வையுங்கள், தூங்கும் பிள்ளையை எழுப்பி ஊட்டுங்கள்.

கத்திரி வெயிலிலும் இந்த உடல் சில்லிடும். அக்குள் வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே போனால் சட்டையைக் கழற்றித் தாயின் நெஞ்சோடு அணைத்து, தலைக்குக் குல்லா, மேலே போர்வை. நேர் காற்றாடியும் குளியலும் வேண்டாம், ஈரத்துணியை உடனே மாற்றுங்கள்.

காய்ச்சல் இல்லாமலே ஆன்டிபயாட்டிக் போடுவார்கள். தொற்று இருந்தும் காய்ச்சல் காட்டத் தெம்பில்லாத உடல் இது. இரும்புச்சத்து மருந்தைத் தொடக்கத்திலேயே கேட்காதீர்கள், தொற்றை அது மோசமாக்கலாம். வயிற்றுப்போக்குக்கு வார்டு தரும் கரைசல் மட்டும், மெதுவாக. நரம்பு வழி ஏற்றும் சொட்டு நீர் பொதுவாக, ரத்த ஓட்டம் குலைந்த அதிர்ச்சி நிலைக்கு மட்டுமே. நீர் கொடுக்கும்போது மூச்சு வேகமானாலோ கண்ணிமை வீங்கினாலோ நிறுத்தி, செவிலியரைக் கூப்பிடுங்கள்.

வீக்கம் வடியும் நாட்களில் எடை குறையும், பயம் வேண்டாம். பசி திரும்பியதும் 100 மி.லி.யில் 100 கலோரி உள்ள பாலுக்கு இரண்டு மூன்று நாளில் மாற்றுவார்கள். பிறகு ஆறு கிலோ பிள்ளை தினமும் 60 கிராம் கூடினால் நன்று. முப்பதுக்குக் கீழே என்றால், முதலில் இரவு வேளைகள் தட்டிப்போனதா என்று பாருங்கள். அடுத்து காசநோய், சிறுநீர்த் தொற்றுப் பரிசோதனை.