கிட்டாரோடு பாலர் வகுப்புக்குள் நுழையும் முன்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பினாங்கில் கிட்டார் வாசிக்கும் தம்பிமார் சிலர், திருமண வரவேற்புகளில் வாசித்துக் களைத்த பிறகு, "குழந்தைப் பாட்டுப் பக்கம் வரலாமா அண்ணா?" என்று என்னிடம் கேட்கிறார்கள். வரலாம், ஆட்கள் வேண்டும். ஆனால் "கிட்டாரில் நான்கு கோர்டு பிடிக்கத் தெரிந்தால் போதுமே" என்ற நினைப்போடு வந்தவர்கள் ஓராண்டுகூட நிற்கவில்லை. அவர்கள் செய்த தவறுகளில் பலவற்றை அவர்களுக்கு முன்பே நான் செய்திருக்கிறேன்.

முதலில் சுருதி. பினாங்கின் கொடிமலை ரயிலைப் பற்றி ஒரு பாட்டு எழுதினேன். 1923 முதல் மலையேறும் அந்த ரயிலைப் போலவே மெட்டும் படிப்படியாக ஏறும். மேற்கத்திய முறையில் சொன்னால், கீழே ஏ-யில் தொடங்கி ஈ வரை ஐந்து சுரங்கள். என் குரலுக்கு அது அருமையாகப் பொருந்தியது. குழந்தைகளோ மலையடிவாரத்திலேயே முனகிக்கொண்டு நின்றுவிட்டார்கள். ஆண் பாடினால் குழந்தை ஒரு ஸ்தாயி மேலே பாடும். அப்படிப் பாடியும் பாட்டின் தொடக்கம் பியானோவின் நடு சி-க்குக் கீழே விழுந்தது. ஐந்து வயதுக் குரல் தெளிவாக ஒலிப்பது ஏறக்குறைய நடு சி-யை அடுத்த டி முதல் ஏ வரைதான். கிட்டாரின் கழுத்தில் மாட்டிச் சுருதியை உயர்த்தும் கிடுக்கியான கேப்போவை ஐந்தாம் ஃபிரெட்டில் மாட்டினேன். விரல்கள் பழைய கோர்டுகளையே பிடித்தன, மெட்டு மட்டும் டி முதல் ஏ வரை என்று உயர்ந்தது. அன்று வகுப்பே மலையுச்சிக்கு வந்து சேர்ந்தது. என் குரல் முன்போல் கம்பீரமாக ஒலிக்கவில்லை. ஒலிக்க வேண்டியதும் இல்லை, அங்கே பாடகர்கள் அவர்கள்தான்.

அடுத்த தவறுதான் என்னை அதிகம் வருத்துவது. ஆங்கில மெட்டு ஒன்றை எடுத்து, அசைகளை எண்ணி, தமிழ்ச் சொற்களை அதற்குள் திணிப்பது. எண்ணிக்கை சரியாக இருக்கும், சொல் செத்துப்போகும். தமிழில் குறிலை நீட்டினால் அது வேறு சொல். படம் பாடமாகும், கல் காலாகும், எடு ஏடாகும், கொடு கோடாகும். "மழையே வா" என்று ஒரு பல்லவி எழுதியிருந்தேன். முதல் அசை இரண்டு தட்டு நின்றதால் பிள்ளைகள் "மாழையே வா" என்று பாடினார்கள். பிழை அவர்களுடையது அல்ல, நான் போட்ட மெட்டு அப்படித்தான் பாடச் சொன்னது. "தூறலே வா" என்று மாற்றினேன், நீளும் இடத்தில் நெடில் வந்து உட்கார்ந்தது. நெடில் கிடைக்காவிட்டால் "பட்டம்", "வண்டி" போல ஒற்றோடு முடியும் அசையை அங்கே வைத்து, ஒற்றில் குரலை நிறுத்தலாம்.

இது இலக்கணப் பிடிவாதம் அல்ல. நம் பிள்ளைகள் நாள் முழுக்கக் கேட்கும் மலாயில் குறில், நெடில் என்ற வேறுபாட்டால் பொருள் மாறுவதில்லை. வீட்டில் ஆங்கிலமே பேசும் குடும்பங்களும் பெருகிவிட்டன. அந்தப் பிள்ளைக்கு நெடிலின் நீளத்தைக் காதில் பதிய வைப்பதில் பாட்டுக்குப் பெரும் பங்கு உண்டு. பாட்டே அதைக் குழப்பினால், பின்னர் வகுப்பாசிரியர் எத்தனை முறை திருத்துவார்?

இனி கைகள். "கையைத் தட்டு, காதைத் தொடு" என்று செயல் பாட்டு எழுதுகிறோம். நம் இரண்டு கைகளும் கிட்டாரில் இருக்கின்றன. காட்ட ஆளில்லாமல் குழந்தைகள் விழிப்பார்கள். ஆசிரியரிடம் முன்கூட்டியே பேசி அவரை அருகில் நிறுத்துங்கள். இல்லையென்றால், தலையாட்டல், கால்தட்டல் என்று நீங்களே காட்டக்கூடிய செயல்களை மட்டும் எழுதுங்கள். ஒலிவாங்கிக் கம்பத்துக்குப் பின்னால் நிற்காமல் தாழ்ந்த முக்காலியில் உட்காருங்கள். எல்லா ஜென்கின்ஸ் என்ற அமெரிக்கக் குழந்தைப் பாடகி, சிறு கிட்டார் போன்ற யூகுலேலேயை வைத்துக்கொண்டு, ஓர் அடி தான் பாடி அடுத்த அடியைக் குழந்தைகளைப் பாடவைத்தே ஒரு வாழ்நாள் பணியைச் செய்தார். அவருடைய முதல் இசைத்தட்டு 1957இல் அந்த முறையில்தான் வந்தது. வரிகளை மனப்பாடம் செய்ய முடியாத நான்கு வயதுக்கு இதைவிட நல்ல வழியை நான் காணவில்லை.

பணத்தில் நான் பட்ட அடியைச் சொல்லியே ஆக வேண்டும். ஒரு பாலர் பள்ளி நிர்வாகம் பட்டமளிப்பு விழாவுக்குப் பாட்டு கேட்டது. 300 ரிங்கிட், வாய்ப்பேச்சுதான். இரண்டு ஆண்டுகள் கழித்து அந்தப் பாட்டு அவர்களின் மற்றக் கிளைகளிலும் காணொளியிலும் ஒலித்தது. கேட்கப் போனேன், சட்டம் அவர்கள் பக்கம் இருந்தது. 1987ஆம் ஆண்டு மலேசியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 26ஆவது பிரிவுப்படி, ஒருவர் கேட்டுக்கொண்டதற்காகச் செய்து கொடுக்கும் படைப்பின் உரிமை, வேறு உடன்பாடு இல்லாவிட்டால், கேட்டவருக்கே சென்றதாகக் கொள்ளப்படும். ஒரு பக்கக் கடிதம் போதும்: உரிமை எழுதியவரிடமே இருக்கும், பள்ளி எங்கெங்கே பாடலாம், பணம் எந்தத் தேதிக்குள் வரும். இரு தரப்பும் கையெழுத்திட்ட பிறகே பேனாவைத் திறங்கள்.

நீங்களாக எழுதிய பாட்டுக்கு உரிமை தானாகவே வரும், உங்கள் ஆயுளுக்குப் பிறகும் 50 ஆண்டுகள் நிற்கும். அறிவுசார் சொத்துரிமைக் கழகமான மைஐபிஓவில் 2012 முதல் விரும்புவோர் அதைப் பதிவு செய்துவைக்கலாம். தகராறு வந்தால் அது சான்றாக உதவும். வானொலியில் பாட்டு ஒலிப்பதற்கான தொகை வந்து சேர, 1989இல் தொடங்கிய, பாட்டு எழுதுவோர் உரிமைத்தொகையை வசூலித்துத் தரும் எம்ஏசிபி அமைப்பில் சேர்ந்து பாட்டைப் பதிந்திருக்க வேண்டும்.

யூடியூப் வருமானத்தை நம்பி வேலையை விடாதீர்கள். 2020 ஜனவரி முதல், குழந்தைகளுக்கானது என்று குறிக்கப்படும் காணொளிகளில் பார்வையாளரின் விவரங்களை வைத்துக் காட்டும் விளம்பரங்கள் கிடையாது, கருத்துப் பகுதியும் மூடப்பட்டிருக்கும். அப்படிக் குறிக்காமல் மறைப்பது இன்னும் பெரிய தவறு. பிள்ளைகளின் முகத்தைப் பெற்றோரின் எழுத்துவழி அனுமதி இல்லாமல் படமெடுக்கவே வேண்டாம். இனிப்புப் பானங்களின் விளம்பர மேடைகளுக்கும் நான் போவதில்லை. குழந்தைகளை நோக்கிய விளம்பரங்களை மறுத்த கனடாவின் குழந்தைப் பாடகர் ராஃபியிடம் கற்றுக்கொண்டது அது.

பினாங்கின் 28 தமிழ்ப்பள்ளிகளில் பெரும்பாலானவை தீவிலிருந்து பாலத்தைக் கடந்து போகும் செபராங் பிறைப் பக்கம் இருப்பதால், பாலச் சுங்கத்தையும் பெட்ரோலையும் கட்டணத்தில் சேர்த்துச் சொல்லுங்கள். இடையில் மதிய உணவுக்கு நிறுத்தும்போது கிட்டாரைக் காருக்குள் விடாதீர்கள். நம் ஊர் வெயிலில், தந்திகளின் கீழ் முனையைப் பிடித்திருக்கும் பிரிட்ஜ் கட்டையின் பசை இளகிவிடும்.

புதுப் பாட்டைப் பதிவுக்கூடத்துக்கு எடுத்துச் செல்லும் முன் ஒரு வகுப்பில் பாடிவிட்டு, ஒரு வாரம் கழித்து கிட்டார் இல்லாமல் போய், "போன வாரப் பாட்டு என்ன?" என்று கேட்டுப் பாருங்கள். கொடிமலைப் பாட்டில் நான் எழுதிய கடைசி அடி பட்டர்வொர்த் பிள்ளைகள் ஒருவருக்கும் நினைவில்லை. அந்த இடத்தில் "இறங்க மாட்டோம், இறங்க மாட்டோம்" என்று அவர்களே ஒன்றைப் போட்டுக்கொண்டிருந்தார்கள். இப்போது நானும் அதையே பாடுகிறேன்.