ஓவர்டிரைவும் பின் ஆக்சிலும்: பழைய ஸ்போர்ட்ஸ் கார்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஓவர்டிரைவ் என்பது கார் அதே வேகத்தில் போகும்போதே இஞ்சின் சுற்றைக் குறைக்கும் கூடுதல் கியர் அமைப்பு. ஆஸ்டின்-ஹீலி 3000 காரை அது இல்லாமல் வாங்கியவர்களுக்கு 3.545 விகித பின் ஆக்சில் வந்தது; அதாவது சக்கரங்கள் ஒரு சுற்று சுற்ற, கியர்பாக்ஸிலிருந்து ஆக்சிலுக்குப் போகும் ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் 3.545 சுற்று சுற்றும். ஓவர்டிரைவோடு வாங்கியவர்களுக்கு 3.909. ஆக்சிலுக்குள் இருக்கும் சின்னப் பல்சக்கரமான பினியனில் இரண்டுக்குமே 11 பல்தான். அது சுழற்றும் பெரிய பல்சக்கரமான கிரவுன் வீலில் ஒன்றுக்கு 39, மற்றதற்கு 43. ஓவர்டிரைவ் வேகத்தைப் பார்த்துக்கொள்ளும் என்பதால், ஓவர்டிரைவ் போடாத நேர் கியரில் நன்றாக இழுக்கும் ஆக்சிலைத் தொழிற்சாலை தைரியமாகக் கொடுத்தது. இரண்டையும் சேர்த்துப் போட்ட கணக்கு இது. இதில் ஒன்றை மட்டும் மாற்றுவதுதான் பெரும்பாலான தொல்லைகளின் தொடக்கம்.

ஓவர்டிரைவ் இல்லாத காரில் ஓவர்டிரைவ் கியர்பாக்ஸை ஏற்றிவிட்டு ஆக்சிலை அப்படியே விட்டுவிடுவார்கள். ஹீலியின் ஓவர்டிரைவ் விகிதம் 0.82. 3.909-ஐ அதனால் பெருக்கினால் 3.2 வருகிறது, 3.545-ஐப் பெருக்கினால் 2.9. மணிக்கு 100 கிலோமீட்டரில் முதல் காரின் இஞ்சின் நிமிடத்துக்குச் சுமார் 2,700 சுற்று சுற்றும், இரண்டாவது சுமார் 2,450. 2,912 சிசி ஆறு சிலிண்டர் இஞ்சின் இதைத் தாங்கும்; சமவெளியில் நெடுந்தூரம் போகிறவர்கள் இதை விரும்பியே வைத்துக்கொள்வதும் உண்டு. அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் சிறிய நான்கு சிலிண்டர் இஞ்சினில் இதே வேலையைச் செய்தால் மேட்டில் திணறும், நாக்கிங் (இஞ்சினுக்குள் தட்டும் சத்தம்) வரும், பேரிங்குகள் அடி வாங்கும். அங்கே ஓவர்டிரைவ் சுவிட்சை அணைத்துவிட்டு ஓட்டுவதே சரி.

இஞ்சினைவிட எனக்குக் கவலை தருவது ஸ்பீடோமீட்டர். அதன் கேபிள் ஓவர்டிரைவுக்குப் பின்னாலிருந்து வருகிறது. அதனால் ஓவர்டிரைவைப் போட்டாலும் எடுத்தாலும் முள் சரியாகவே காட்டும். ஆக்சில் மாறினால் காட்டாது. 3.909-க்கு அமைத்த மீட்டரை வைத்துக்கொண்டு 3.545 ஆக்சிலுக்குப் போனால், முள் 90 காட்டும்போது கார் 99-ல் போய்க்கொண்டிருக்கும். டிரம் பிரேக்கும் குறுகிய டயரும் உள்ள காருக்கு அந்த ஒன்பது கிலோமீட்டர் சின்ன விஷயம் இல்லை. ஸ்மித்ஸ் மீட்டர்களின் முகப்பில், ஒரு மைலுக்குக் கேபிள் எத்தனை சுற்று என்ற எண் சின்னதாக அச்சிட்டிருக்கும். அதைக் குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் கைபேசி ஜிபிஎஸ்ஸோடு ஒரு முறை ஒப்பிட்டுப் பாருங்கள்.

காரில் எந்த ஆக்சில் இருக்கிறது என்று விற்றவர் சொன்னதை மட்டும் நம்ப வேண்டாம். ஒரு பின் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். தரையில் இருக்கும் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, நியூட்ரலில் போட்டு, ஹேண்ட்பிரேக்கை விடுவியுங்கள். தூக்கிய சக்கரத்தை 20 சுற்று, முன்னோக்கிச் சுற்றுங்கள். ஒரு சக்கரம் மட்டும் சுற்றுவதால் ஷாஃப்ட் வழக்கத்தில் பாதிதான் சுற்றும்; அதனால் 20 சுற்றைப் பத்தாகக் கணக்கிட வேண்டும். ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் 39 சுற்று வந்தால் 3.9, முப்பத்தைந்தரை என்றால் 3.545.

எதிர்ப்பக்கத் தவறும் இருக்கிறது. மலைச்சாலைப் போட்டிக்காக எம்ஜிபி என்ற நான்கு சிலிண்டர் ஸ்போர்ட்ஸ் காரின் 3.909-ஐ எடுத்துவிட்டு 4.3 போடுகிறார் ஒருவர் என்று வையுங்கள். மூன்றாம் கியர் ஓவர்டிரைவில் 120-ல் போகும்போது இஞ்சின் 5,200 சுற்றில் இருக்கும். அந்த நேரம் கை சுவிட்சில் பட்டு ஓவர்டிரைவ் விடுபட்டால் போதும், ஒரு நொடியில் 6,300. அந்த இஞ்சினின் எல்லை ஏறத்தாழ 6,000. பழைய ஆக்சிலில் பழகிய கைக்கு இது தெரியாது. ஆக்சிலை மாற்றிய அன்றே ஒவ்வொரு கியரிலும் எந்த வேகத்துக்கு மேல் ஓவர்டிரைவை எடுக்கக் கூடாது என்று கணக்குப் போட்டு, டேஷ்போர்டில் ஒட்டிவையுங்கள்.

எடுக்கும் முறையும் முக்கியம். ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை முழுக்க எடுத்துவிட்டு ஓவர்டிரைவை விடுவித்தால், பின் ஆக்சில் வரை ஒரு அடி விழும். ஹீலியில் இதைத் தடுக்கவே த்ராட்டிலோடு இணைந்த ஒரு சுவிட்சும் ரிலேயும் வைத்தார்கள். பழுதானதும் பலர் அதைக் கழற்றி எறிந்துவிடுகிறார்கள். அது இல்லாத கார் என்றால் லேசாக மிதித்தபடி விடுவியுங்கள்.

கீழ் கியர்களில் ஓவர்டிரைவ் வேலை செய்யாதபடி தடுக்க கியர்பாக்ஸ் மேல் ஒரு சுவிட்ச் இருக்கும்; அதையும் தாண்டி வயர் இழுக்காதீர்கள். ஓவர்டிரைவ் கியர்பாக்ஸுக்குப் பின்னால் இருக்கிறது. முதல் கியர் பெருக்கிய முறுக்குவிசை முழுவதும் அதன் கோன் கிளட்சில்தான் (ஓவர்டிரைவைப் பிடித்து வைக்கும் கூம்பு வடிவ கிளட்ச்) விழும்.

அதே சுவிட்ச் ரிவர்ஸிலும் காவல் நிற்கிறது. ஓவர்டிரைவ் பிடித்திருக்கும் நிலையில் ரிவர்ஸ் எடுத்தால், ஒரு பக்கம் கோன் கிளட்ச் நடுவிலிருக்கும் சன் கியரைப் பிடித்திருக்கும், மறுபக்கம் ஒரு திசையில் மட்டும் பிடிக்கும் ஒருவழி ரோலர் கிளட்சும் பிடித்துக்கொள்ளும். ஒரே நேரத்தில் இரண்டு விகிதங்களில் பூட்டப்பட்ட கியர் உடைவதைத் தவிர வேறு வழி இல்லை. சுவிட்சை அணைத்தும் ஓவர்டிரைவ் விடுபடவில்லை என்று சாலையிலேயே தெரிந்தால், முன்னோக்கி மட்டும் ஓட்டி, பின்னோக்கி எடுக்க வேண்டாத இடமாகப் பார்த்து நிறுத்துங்கள். பெரும்பாலும் ஓவர்டிரைவை இயக்கும் மின்காந்தமான சொலினாய்டு ஒட்டிக்கொண்டிருக்கும், இல்லையென்றால் வால்வின் நுண்துளையில் அழுக்கு அடைத்திருக்கும். சீக்கிரம் சரிசெய்யக்கூடிய பழுது. ஒரே ஒரு ரிவர்ஸ் எடுத்தால் முழு யூனிட்டையும் பிரிக்க வேண்டியதாகிவிடும்.