கணினி தொடங்கும்போதே பிரிண்டர் முரண்டு பிடித்தால்

மின்தடைக்குப் பின் பழைய விண்டோஸ் 7 கணினியை இயக்கியதும் பிரிண்டர் அசையாமல் நின்றால், அதை உடனே கணினிக் கடைகள் நிறைந்த சென்னை ரிச்சி தெருவுக்குத் தூக்கிச் செல்ல வேண்டியதில்லை. பிரிண்டர் கேபிளை ஹப் (பல கேபிள்களை ஒரே இடத்தில் இணைக்கும் சிறு கருவி) வழியாக அல்லாமல் கணினியில் நேரடியாகச் செருகிப் பாருங்கள். அதிலும் சரியாகவில்லையெனில், அச்சு வேலைகளை வரிசைப்படுத்தும் பிரிண்ட் ஸ்பூலரைக் கவனிக்க வேண்டும். பாதியில் நின்ற கோப்பு அந்த வரிசையில் சிக்கியிருந்தால், கணினியை எத்தனை முறை அணைத்து இயக்கினாலும் அதுவே மீண்டும் வந்து வழிமறிக்கக்கூடும். பின்னணியில் இயங்கும் சேவைகளைக் காட்டும் விண்டோஸின் சர்வீசஸ் பட்டியலில் பிரிண்ட் ஸ்பூலரை நிறுத்திவிட்டு, சி டிரைவில் விண்டோஸ், சிஸ்டம்32, ஸ்பூல் ஆகிய கோப்புறைகளின் வழியே பிரிண்டர்ஸ் கோப்புறைக்குள் சென்று, அங்குள்ள கோப்புகளை மட்டும் (கோப்புறையையே அல்ல) அழித்தபின் ஸ்பூலரை மீண்டும் இயக்குங்கள். அதே பட்டியலில் ஸ்பூலரின் தொடக்க வகை (ஸ்டார்ட்அப் டைப்) ‘ஆட்டோமேட்டிக்’ என்றிருப்பதையும் உறுதிசெய்யுங்கள். ‘மேனுவல்’ அல்லது ‘டிஸேபிள்டு’ என்றிருந்தால், அடுத்த முறை கணினி தொடங்கும்போதும் இதே தொல்லை வரலாம்.