டாப்ளரில் கேட்பது யாருடைய துடிப்பு?

வீட்டில் டாப்ளர் என்ற சிறு ஒலிக்கருவியைக் கர்ப்பிணியின் வயிற்றில் வைத்து, உள்ளே இருக்கும் குழந்தையின் இதயத்துடிப்பைக் கேட்கும்போது, இன்னொரு கையால் அம்மாவின் மணிக்கட்டு நாடியையும் பிடித்துப் பாருங்கள். இரண்டும் ஒரே தாளத்தில் போனால், கேட்பது குழந்தையுடையது அல்ல, அம்மாவின் ரத்தக்குழாய் ஓசை.

கருப்பைக்குப் போகும் பெரிய ரத்தக்குழாய்களில் அம்மாவின் நாடி வேகம்தான் ஒலிக்கும். அது பெரும்பாலும் நிமிடத்துக்கு 100-க்குள் இருக்கும். குழந்தையின் இதயமோ கர்ப்பத்தின் பிற்பாதியில் 110 முதல் 160 வரை துடிக்கும். திரையில் தெரியும் எண்ணை மட்டும் நம்ப வேண்டாம். சில கருவிகள் ஒரே துடிப்பை இரண்டாக எண்ணிவிடும். அம்மாவின் 70, திரையில் 140 என்று வந்து நம்மை நன்றாகவே ஏமாற்றும். அதனால் காதுதான் முக்கியம், எண் அப்புறம்.

அம்மாவுக்குக் காய்ச்சலோ படபடப்போ இருந்தால் இந்தச் சோதனை சரிவராது, அவருடைய நாடியே 110-ஐத் தாண்டலாம். 12 வாரத்துக்கு முன்பு டாப்ளரில் ஒன்றும் கேட்காமல் போவது சகஜம். நஞ்சுக்கொடி கருப்பையின் முன்பக்கம் இருந்தால் அதற்குப் பிறகும் சத்தம் மங்கலாகவே வரும். 9 வார ஸ்கேனில் 170 என்று இருந்தாலும் பதற வேண்டாம், அந்த வாரங்களில் வேகம் உச்சத்தில் இருந்து பிறகு தானாகக் குறையும்.

குழந்தையின் அசைவு குறைந்தது போலத் தோன்றினால் டாப்ளரை எடுக்கவே எடுக்காதீர்கள். துடிப்பு சரியாகக் கேட்டாலும் குழந்தை நலம் என்று அர்த்தமில்லை. நேரே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.