உப்புக் காற்றில் யூஎஸ்பி–ஈதர்நெட் அடாப்டர்: தேர்வும் பழுது நீக்கலும்

ராமநாதபுரம் கடற்கரையில் மடிக்கணினியின் யூஎஸ்பி துளையில் நெட்வொர்க் கம்பியை இணைக்க உதவும் யூஎஸ்பி–ஈதர்நெட் அடாப்டர் தேடுகிறவர்களில், வளைகுடாவில் இருக்கும் பிள்ளையோடு படம் உறையாமல் பேச நினைக்கும் கீழக்கரைக் குடும்பங்களும் உண்டு. கல்யாண வீடியோவை இரவுக்குள் நாஸ் பெட்டிக்கு (நெட்வொர்க்கில் இணைந்த கோப்புச் சேமிப்புப் பெட்டி) ஏற்றி முடிக்க வேண்டிய ஸ்டூடியோக்காரர்களும் உண்டு. இவ்விரு தரப்பின் தேவையும் ஒன்றல்ல. ஆனால் இருவரையும் ஒரே விதமாகத் தொல்லைப்படுத்தும் ஒரு பழுது இந்தக் கரையில் இருக்கிறது: அடாப்டர் நிற்காமல் வேலை செய்யும், ஆனால் தர வேண்டிய வேகத்தில் பத்தில் ஒரு பங்கைத்தான் தரும். அந்தப் பழுதை எப்படிக் கண்டுபிடிப்பது என்பதைத்தான் விரிவாக எழுதுகிறேன்; தேர்வைப் பற்றி அதற்கு வேண்டிய அளவுக்குச் சொல்கிறேன்.

வாங்கும் முன், கம்பியின் மறுமுனை எதில் செருகப்போகிறது என்று பாருங்கள். இணைய நிறுவனங்கள் வீட்டில் மாட்டித்தரும் ஃபைபர் மோடம்கள் சிலவற்றில் ஒரே ஒரு துளைதான் ஜிகாபிட் (விநாடிக்கு 1000 மெகாபிட்). மற்றவை விநாடிக்கு 100 மெகாபிட்டோடு நின்றுவிடும். உங்கள் இணையத் திட்டம் 100 முதல் 300 மெகாபிட் வரை என்றால் ஜிகாபிட் அடாப்டரே தாராளம். 2.5 ஜிகாபிட் அடாப்டர், மறுமுனையில் இருக்கும் ஸ்விட்சோ (பல கம்பிகளை இணைக்கும் பெட்டி) நாஸோ அதே வேகத்தைத் தரும்போது மட்டுமே பயன்படும். அந்த வேகத்துக்கான 802.3பிஇஸட் தரநிர்ணயம் 2016-இல் வந்தது. சுவருக்குள் ஏற்கெனவே ஓடும் கேட் 5இ கம்பியிலேயே 100 மீட்டர் வரை அது ஓடும் என்பதால் கம்பியை மாற்ற வேண்டியதில்லை. ஆனால் நாஸில் சுழலும் வன்தட்டு ஒன்றே ஒன்று இருந்தால், அந்தத் தட்டின் வேகமே எல்லையாகிவிடும். அதற்குமேல் கொடுத்த பணம் வீண்.

அடாப்டருக்குள் இருக்கும் சிப்பின் பெயரைக் கேட்டு வாங்குவது, பெட்டியின் மேல் உள்ள பெயரைப் பார்த்து வாங்குவதைவிட நல்லது. ஜிகாபிட்டுக்கு ரியல்டெக் 8153 அல்லது ஏஸிக்ஸ் 88179, 2.5 ஜிகாபிட்டுக்கு ரியல்டெக் 8156பி ஆகியவை பரவலாகப் புழங்குகிறவை. ரியல்டெக் 8152 என்பது பெயரில் மிக நெருக்கமாக இருந்தாலும் யூஎஸ்பி 2.0-வும் 100 மெகாபிட்டும் மட்டுமே கொண்டது. லினக்ஸ் பயன்படுத்துகிறவர்களுக்கு 8156 வரிசைக்கான முறையான டிரைவர் (சிப்பை இயக்கும் மென்பொருள்) லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலின் 5.13 பதிப்பு முதல் கிடைக்கிறது. உலோகக் கூடும், ஒரு சாண் நீளமுள்ள கம்பி வாலும் கொண்டதை நான் தேர்ந்தெடுப்பேன். சித்திரை வெயிலில் 2.5 ஜிகாபிட் சிப் நன்றாகச் சூடேறும், உலோகக் கூடு அதை வெளியேற்றும். வால் இருந்தால் கம்பியின் பாரம் மடிக்கணினியின் துளையை நெம்பாது.

இனி பழுதுக்கு வருவோம். அடாப்டருக்கு இரண்டு பக்கம் உண்டு, ஆகவே பார்க்க வேண்டிய எண்களும் இரண்டு. ஈதர்நெட் பக்கத்தின் எண்ணை விண்டோஸில் செட்டிங்ஸ், நெட்வொர்க், ஈதர்நெட் என்று போனால் லிங்க் ஸ்பீடு என்ற வரியில் காணலாம். 1000/1000 என்று இருக்க வேண்டிய இடத்தில் 100/100 என்று இருந்தால் கோளாறு கம்பிப் பக்கத்தில் இருக்கிறது. யூஎஸ்பி பக்கத்தின் எண்ணை லினக்ஸில் எல்எஸ்யூஎஸ்பி கட்டளையின் மர வடிவக் காட்சியில் (lsusb -t) காணலாம். 5000 இருக்க வேண்டிய இடத்தில் 480 இருந்தால் அடாப்டர் யூஎஸ்பி 2.0 ஆக இறங்கிவிட்டது என்று பொருள். விண்டோஸில் இதைச் சுற்றுவழியில் ஊகிக்கலாம்: லிங்க் ஸ்பீடு 1000 என்று காட்டியும், கோப்பு நகலெடுக்கும் வேகம் விநாடிக்கு 35, 40 மெகாபைட்டிலேயே (எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட்) நின்றால் யூஎஸ்பி பக்கத்தைச் சந்தேகியுங்கள். 11 மெகாபைட்டில் நின்றால் கம்பிப் பக்கம். இரண்டும் சரியாக இருந்தால் ஏறத்தாழ 110 மெகாபைட் வரும். 100 ஜிகாபைட் வீடியோவை ஏற்றுகிறவருக்கு இது கால் மணி நேரத்துக்கும் இரண்டரை மணி நேரத்துக்கும் உள்ள வேறுபாடு.

முழுதாகச் செத்துப்போகாமல் இப்படிப் பாதியில் இறங்குவது ஏன்? 100 மெகாபிட் இணைப்புக்கு எட்டு இழைகளில் நான்கு போதும். ஜிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும். மீதி நான்கில் ஓர் இழை தொடாமல் போனாலும், பெரும்பாலான சிப்புகள் எந்த அறிவிப்பும் இன்றி 100-க்கு இறங்கிவிடுகின்றன. யூஎஸ்பியிலும் இதே கதைதான். 3.0 செருகியில் பழைய நான்கு தொடுமுனைகளோடு ஐந்து கூடுதலாக உள்ளன. அந்த ஐந்தில் ஒன்று கெட்டாலும் பழைய நான்கு வேலையைத் தொடரும். யூஎஸ்பியின் நீள்சதுரச் செருகியை மெதுவாக நுழைத்தாலும் சில நேரம் கணினி 2.0 என்றே அடையாளம் கண்டுவிடும். எனவே 480 என்று கண்டவுடன் முதலில் கழற்றி, தயங்காமல் ஒரே அழுத்தில் மீண்டும் செருகிப் பாருங்கள்.

தங்கச்சிமடத்தில் மச்சான் நடத்தும் ஸ்டூடியோவில் இப்படித்தான் நடந்தது. “அடாப்டர் போயிருச்சு மாப்ள, புதுசா ஒன்னு வாங்கிருவோம்” என்றார். எண்ணைப் பார்த்தேன்: 100. அடாப்டரை நாஸோடு வேறொரு குட்டைக் கம்பியால் நேரடியாக இணைத்ததும் 1000 ஆகிவிட்டது. சுவரில் பதித்த துளைக்குள் கைபேசி விளக்கை அடித்துப் பார்த்தபோது, எட்டு மஞ்சள் கம்பிகளில் இடமிருந்து ஐந்தாவதன் வளைவில், கடுகளவுக்கும் குறைவாகப் பச்சைக் களிம்பு பூத்திருந்தது. அந்தத் துளை வடக்குப் பார்த்த ஜன்னலுக்குக் கீழே இருந்தது. வாடைக்காற்று வீசும் மாதங்களில் அந்த ஜன்னல் கம்பியை விரலால் தொட்டு நாக்கில் வைத்தால் கரிக்கும். காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வகம் உலோக அரிப்பைச் சோதிப்பதற்கென்றே மண்டபத்தில் ஒரு நிலையம் வைத்திருக்கிறது என்பதை எண்ணினால், இங்கே ஒரு செப்புத் தொடுமுனை பச்சை பூப்பதில் வியப்பில்லை.

களிம்பை நீக்க, மின்சாரத்தையும் எல்லா இணைப்புகளையும் துண்டித்துவிட்டு, 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த மென்மையான தூரிகையால் தொடுமுனைகளை அவற்றின் நீளவாக்கில் தேய்த்து, கால் மணி நேரம் உலரவிட வேண்டும். உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள். நல்ல துளைகளிலேயே தங்கப் பூச்சு ஏறக்குறைய 1.27 மைக்ரான் தடிமன்தான். அதைச் சுரண்டிவிட்டால் அடியில் உள்ள உலோகம் அடுத்த பருவத்துக்குள் பூத்துவிடும். பச்சை ஏறிய முனை நீண்ட நாள் தாங்காது என்பதால், சுவர்த் துளையையே மாற்றிவிடுவது என் பரிந்துரை. கம்பியின் செருகியில் பூத்திருந்தால் ஓர் அங்குலம் வெட்டி எறிந்துவிட்டுப் புதிய செருகியை கிரிம்ப் செய்யுங்கள் (அதற்கான இடுக்கியால் அழுத்திப் பொருத்துங்கள்). இழைகளின் வரிசை: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு. வெட்டிய இழையைப் பிளேடால் லேசாகச் சுரண்டுங்கள். உள்ளே வெள்ளியாக மின்னினால் அது செம்பு பூசிய அலுமினியம். அதை இந்தக் கரையில் வைத்திருக்காதீர்கள்: வெட்டுவாயில் இரு உலோகமும் உப்பீரமும் சேரும்போது அலுமினியம் விரைவாக அரிக்கும்.

வேகம் சரியாக இருந்தும் இணைப்பு அவ்வப்போது அறுந்தால், அது வேறு பழுது. டிவைஸ் மேனேஜரில் அடாப்டரின் பவர் மேனேஜ்மென்ட் பகுதியில், மின்சாரத்தைச் சேமிக்க இந்தச் சாதனத்தை அணைக்கக் கணினிக்கு அனுமதி தரும் குறியை எடுத்துவிடுங்கள். அட்வான்ஸ்டு பகுதியில் எனர்ஜி எஃபிஷியன்ட் ஈதர்நெட், கிரீன் ஈதர்நெட் இரண்டையும் அணையுங்கள். அப்படியும் நிற்காவிட்டால், சிப் தயாரித்த நிறுவனத்தின் டிரைவரை நிறுவுங்கள். அடாப்டரைச் செருகியதும் கம்பியில்லா மவுஸ் தடுமாறினால் பதற வேண்டாம், யூஎஸ்பி 3.0 எழுப்பும் இரைச்சல் 2.4 ஜிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் விழுகிறது. மவுஸின் குட்டிச் செருகியை மறுபக்கத் துளைக்கு மாற்றினால் போதும்.

ஐப்பசி, கார்த்திகையில் இடி கேட்கும்போது, மொட்டை மாடி வழியாக அடுத்த கட்டடத்துக்குப் போகும் கம்பி இருந்தால் அதை அடாப்டரிலிருந்து கழற்றிவிடுங்கள். ஈதர்நெட் துளைக்குப் பின்னால் உள்ள சிறு மின்மாற்றி 1500 வோல்ட் வரைதான் தடுத்துப் பிரிக்கும். மின்னல் அந்த அளவில் நிற்பதில்லை. பயன்படுத்தாத நாளில் அடாப்டரை மேசை மேல் விடாமல், இறுக்கமான மூடி உள்ள டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். நீல மணிகள் இளஞ்சிவப்பாக மாறிவிட்டால் ஈரம் ஏறிவிட்டது, பொட்டலத்தை மாற்றுங்கள்.