வீட்டு அறையில் மிருதங்கம் பதிவு செய்ய

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வர்த் பகுதியில் எங்கள் வீட்டுப் பின்னறையில்தான் மிருதங்கம் பதிவு செய்கிறேன். முதலில் வெறும் அறையில் நின்று ஒரு தடவை கை தட்டுங்கள். ‘டிர்ர்ர்’ என்று ஒலி நடுங்கினால், எதிரெதிர்ச் சுவர்கள் அதைப் பந்தாடுகின்றன. ஒரு சுவரில் தடித்த கம்பளியை, சுவரை ஒட்டாமல் ஒரு சாண் தள்ளித் தொங்கவிடுங்கள்.

ஆனால் மிருதங்கத்தின் அடித்தொனிப் பக்கமான தொப்பியில் எழும் கும்கி என்ற கனத்த ஒலி கம்பளிக்கு அடங்காது. சுவர்களுக்கு இடையே 3.4 மீட்டர் இருந்தால் 50, 100 ஹெர்ட்ஸ் ஒலிகள் அங்கே தேங்கி நிற்கும். மூலையில் உட்கார்ந்தால் இரண்டுமே வீங்கும். நட்டநடுவில் ஒன்று வீங்கி, மற்றது காணாமல் போகும். அந்த இரண்டு இடமும் வேண்டாம். யாராவது வாசிக்கட்டும், நீங்கள் ஒரு காதைப் பொத்திக்கொண்டு மெல்ல நடங்கள். ‘தோம்’ என்ற தொப்பி அடி திருத்தமாக விழும் இடம் ஒன்று கட்டாயம் அகப்படும். மைக்கை அங்கே, அந்தக் காதின் உயரத்திலேயே வையுங்கள்.